கிருமியின் கணக்கு: காசநோய் மருந்தெதிர்ப்பும் சென்னை ஆய்வுகளும்

காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்தது. முதல் மருந்து வந்த பிறகு, அதை எதிர்த்து வாழும் கிருமி நோயாளியின் சளியில் தென்படச் சில வாரங்களே போதுமாயிருந்தன. இந்த இரு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசநோய் மருத்துவம் சென்ற வழியைத் தீர்மானித்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கலாகாது, பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும், உடல் தேறிவிட்டாலும் குறித்த மாதங்கள் முடியும்வரை நிறுத்தக் கூடாது, நோயாளி மாத்திரையை விழுங்குவதை வேறொருவர் கண்ணால் காண வேண்டும் என்று இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகிவிட்ட விதிகள் அனைத்தும், கிருமியின் எதிர்ப்பை எதிர்கொள்ளும் முயற்சியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டவை. அவற்றுள் சில லண்டனிலும் எடின்பரோவிலும் உருவாயின. மிக முக்கியமான சில சென்னைச் சேத்துப்பட்டில் அமைந்த ஓர் ஆய்வு மையத்தில் உருவாயின.

மருந்தெதிர்ப்பு என்பது, ஒரு கிருமியைக் கொல்லவோ அதன் பெருக்கத்தை நிறுத்தவோ வழக்கமாகப் போதுமான அளவு மருந்து சூழ்ந்திருக்கும்போதும் அக்கிருமி பிழைத்துப் பெருகும் தன்மையாகும். அது நோயாளியின் உடலுக்கு உரிய தன்மை அன்று, கிருமிக்கு உரியது. ஆகையால் அது நோயாளியிடமிருந்து இருமல் வழியாக இன்னொருவருக்குத் தாவவும் வல்லது. ஒருவர் பெற்ற குறைபாடுள்ள சிகிச்சையின் விளைவு, ஒரு மாத்திரையும் உண்டறியாத மற்றொருவரின் நுரையீரலுக்குச் சென்று சேர்வது இவ்வாறுதான். காசநோயின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், மருந்து எம்முறையில் மனிதரைச் சென்றடைந்தது என்பதற்குக் கிருமியின் மரபணுவிலேயே எழுதப்பட்ட பதிவாக மருந்தெதிர்ப்பு விளங்குவது புலப்படும்.

முதல் மருந்தும் முதல் பாடமும்

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை இராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த பிறகும், அடுத்த 60 ஆண்டுகளுக்கு அதைக் கொல்லும் மருந்து ஏதும் கிடைக்கவில்லை. ஓய்வு, தூய காற்று, ஊட்டமான உணவு ஆகிய மூன்றையும் நம்பிய சானடோரியங்கள் உலகெங்கும் எழுந்தன; மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரமும், மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியமும் அந்த மரபில் வந்தவை. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து, அதற்கு ஓய்வளிக்கும் முறையும் அக்காலத்தில் பரவலாகக் கையாளப்பட்டது.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். மேயோ மருத்துவமனையில் ஃபெல்ட்மனும் ஹின்ஷாவும் கினிப் பன்றிகளில் சோதித்து, காசநோயின் போக்கை அது மாற்றுவதைக் காட்டினர். இரண்டாம் உலகப் போர் முடிந்த நிலையில் பிரிட்டனால் மிகச் சிறிதளவே வாங்க முடிந்ததால், யாருக்குக் கொடுப்பது என்ற நெருக்கடியையே ஆய்வு வாய்ப்பாக்கிய பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு, 1947இல் 107 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கியது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறைப்படி, எந்த நோயாளி எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் தற்போக்கு எண்கள் முடிவு செய்தன. 55 பேர் படுக்கை ஓய்வுடன் மருந்தும், 52 பேர் ஓய்வு மட்டுமே பெற்றனர்.

ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்தின் ஆற்றலை ஐயமற நிறுவிய இதே சோதனைதான் அதன் எல்லையையும் காட்டியது. தொடக்கத்தில் காய்ச்சல் தணிந்து, எடை கூடித் தேறிய பலர், சில மாதங்களில் மீண்டும் நலிந்தனர். அவர்களின் சளியிலிருந்து வளர்க்கப்பட்ட கிருமிகளைச் சோதித்தபோது, பரிசோதிக்கப்பட்ட 41 பேரில் 35 பேரிடம் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் கிருமிகள் இருந்தன. ஐந்தாண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது இரு பிரிவுகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஆறாம் மாதத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது

மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்வது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், தூக்க நோயை உண்டாக்கும் ட்ரிபனோசோம் என்ற ஒட்டுண்ணிகளை எலிகளில் வளர்த்து ஆராய்ந்த பால் எர்லிக், போதாத அளவு மருந்துக்குப் பிழைத்த ஒட்டுண்ணிகளின் சந்ததி அம்மருந்துக்கு மசியாதிருப்பதைக் கண்டார். ஆயினும் அந்த எதிர்ப்பு மருந்து பட்டதால் கிருமிக்குள் புதிதாக உண்டாகிறதா, அல்லது மருந்து வருமுன்பே சில கிருமிகளிடம் இருந்ததா என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் இருந்தது.

அதைத் தீர்க்க வழிகாட்டியது 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த சோதனை. அவர்கள் மருந்துக்குப் பதிலாக, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைப் பயன்படுத்தினர். சில பாக்டீரியாக்களே உள்ள பல குழாய்களைத் தனித்தனியே வளரவிட்டு, பின்னர் எல்லாவற்றையும் வைரஸுக்கு உட்படுத்தினர். வைரஸ் பட்டதால்தான் எதிர்ப்பு தோன்றுகிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் பிழைப்பவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பல குழாய்களில் ஒன்றும் பிழைக்கவில்லை, சிலவற்றில் மட்டும் மிகப் பல பிழைத்தன. எதிர்ப்பைத் தரும் மாற்றம் வைரஸ் வருமுன்பே, வளர்ச்சியின்போது, குழாய்க்குக் குழாய் வெவ்வேறு நேரத்தில் தற்செயலாக நிகழ்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும், ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை வெல்வெட் துணியில் ஒற்றி மற்றத் தட்டுகளில் பதிக்கும் எளிய உத்தியால், ஸ்ட்ரெப்டோமைசினை ஒருபோதும் சந்தித்திராத கூட்டங்களிலேயே அதை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் இருப்பதை நேரடியாகக் காட்டினர்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுவைப் படியெடுப்பதில் நேரும் சிறு பிழை பிறழ்வு எனப்படுகிறது. பெரும்பாலான பிறழ்வுகளால் கிருமிக்குப் பயனில்லை; சில கேடும் செய்கின்றன; மிக அரிதாக ஒன்று, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மருந்து வந்ததும் மற்றவை மடிய, அந்த ஒன்றும் அதன் சந்ததியும் மட்டுமே எஞ்சுகின்றன. மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. முறம் பதரை நீக்கி மணியை நிறுத்துவதுபோல, இருப்பதைப் புடைத்தெடுத்து நிறுத்துகிறது.

காசநோய்க் கிருமி இவ்வகையில் ஒரு தனித்தன்மை உடையது. வயிற்றுப்போக்கையும் சீழையும் உண்டாக்கும் பல பாக்டீரியாக்கள், எதிர்ப்புத் தரும் மரபணுக்களைச் சுமந்த சிறு வளையங்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ள வல்லவை. ஆகவே கோழிப்பண்ணையிலோ சாக்கடையிலோ உருவான எதிர்ப்பு மருத்துவமனைக்கு வந்து சேர முடியும். காசநோய்க் கிருமிக்கு அவ்வழக்கம் இல்லை. அதன் எதிர்ப்பு முழுவதும் அதன் சொந்த மரபணுவில் நேரும் பிறழ்வுகளால் வருவது. அப்பிறழ்வுகள் பெருகி நிலைபெறுவதோ மருந்துண்ணும் மனித உடலுக்குள்தான். வேறெந்த இடத்தின்மீதும் பழிபோட இடமின்மையால், இந்நோயின் எதிர்ப்பு வரலாறு சிகிச்சையின் வரலாறாகவே இருக்கிறது.

பல மருந்துச் சிகிச்சைக்கு அடிப்படையான கணக்கும் இதிலிருந்தே பிறக்கிறது. நோய் முற்றிய நுரையீரலில் திசு அழிந்து உண்டாகும் குழி ஒன்றில் 10 கோடி கிருமிகள் இருக்கக்கூடும். ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்ப்பவை ஏறத்தாழ 10 லட்சத்துக்கு ஒன்று என்று கொண்டால், மருந்தின் முதல் ஊசி போடப்படுமுன்பே அக்குழியில் 100 எதிர்ப்புக் கிருமிகள் காத்திருக்கின்றன. ஐசோனியாசிட் என்ற மற்றொரு மருந்துக்கும் அளவு ஏறத்தாழ அதுவே. ஆனால் இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி இருக்க வேண்டுமாயின் இரு தற்செயல்கள் ஒரே கிருமியில் சேர வேண்டும். அதன் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதால், 10 கோடிக் கிருமிகள் உள்ள குழியில் அத்தகைய ஒன்று இருப்பது அரிதினும் அரிது. இரு மருந்துகளும் ஒன்றாகச் செல்லும்போது, ஒன்றுக்குத் தப்பியதை மற்றது கொல்லும். தனித்தனியே, ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால் இரண்டுக்கும் தப்பும் கிருமி படிப்படியாக உருவாகிவிடும்.

சேர்த்துக் கொடுக்கும் மரபு

இந்தக் கணக்கு முழுமையாக விளங்குமுன்பே மருத்துவம் அதன் விடையை வந்தடைந்தது. சுவீடனில் யோர்கன் லேமன் 1940களில் கண்டறிந்த பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், சுருக்கமாகப் பாஸ், தனியாகக் கொடுத்தால் வலுக்குறைந்த மருந்து. அதை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துச் சோதித்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு, 1950இல் தன் முடிவை வெளியிட்டது: ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் எதிர்ப்புத் தோன்ற, இரண்டையும் பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடமே அது தோன்றியது. 1912இலேயே பிராகில் தொகுக்கப்பட்டு, பயன் அறியப்படாமல் 40 ஆண்டுகள் கிடந்த ஐசோனியாசிட், 1952இல் காசநோயைக் கொல்லும் மருந்தாக வெளிப்பட்டபோது மூன்றாவது துணையும் கிடைத்தது. எடின்பரோவில் ஜான் கிராஃப்டனும் அவரது குழுவினரும், கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்ற ஆய்வக முடிவு வரும்வரை மூன்று மருந்துகளையும் சேர்த்தே கொடுத்து, ஒன்றரை ஆண்டுக்கு மேல் விடாமல் தொடர்ந்தால், புதிய நோயாளிகள் அநேகமாக அனைவரையும் குணப்படுத்த முடியும் என்று 1950களில் நிறுவினர். தோற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சையில் ஒரே ஒரு புதிய மருந்தை மட்டும் சேர்க்கக் கூடாது என்ற விதியும் இக்காலத்ததே; பழைய மருந்துகள் பயனற்றுப்போன நிலையில் அந்தப் புதிய மருந்து தனி மருந்தாகிவிடும், விரைவில் அதுவும் வீணாகிவிடும்.

சென்னை, 1956

ஆனால் எடின்பரோவின் வெற்றி, போதிய படுக்கைகளும் ஆய்வகங்களும் செவிலியரும் உள்ள ஒரு நாட்டின் வெற்றி. இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள் இருக்க, அவர்களுக்கான படுக்கைகள் 6,000 அளவிலேயே உள்ளன என்று போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழுவின் 1946 அறிக்கை மதிப்பிட்டிருந்தது. எத்தனை சானடோரியம் கட்டினாலும் எட்ட முடியாத இடைவெளி அது. மாத்திரைகள் வந்துவிட்ட நிலையில், நோயாளியைப் படுக்கையில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த இயலுமா என்ற கேள்வி இதனால் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. லண்டன் சோதனைகளில் தேர்ந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்க ஆண்டுகளில் பணியை வழிநடத்தினார். கிருமியியல் ஆய்வுகளில் லண்டனிலிருந்து டெனி மிச்சிசன் துணைநின்றார். இந்திய மருத்துவர்களும் உயிர்வேதியியலாளர்களும் புள்ளியியலாளர்களும் சுகாதாரச் செவிலியரும் அதன் உடலும் உயிருமாக இருந்தனர்.

மையத்தின் முதல் ஆய்வில் 193 நோயாளிகள் தற்போக்கு முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் நெரிசல் மிகுந்த தத்தம் வீடுகளிலும் ஓராண்டுக்கு ஐசோனியாசிடும் பாஸும் உண்டனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டு நிறைவில் வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 86 விழுக்காட்டினரும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரும் நல்ல பலன் கண்டிருந்தனர். சானடோரியத்தில் உணவு மேலானதாகவும் ஓய்வு மிகுதியாகவும் இருந்தும், குறைந்த உணவோடும் வீட்டு வேலைகளோடும் இருந்தவர்கள் பெரிதும் பின்தங்கவில்லை. உணவைப் பற்றித் தனியே செய்யப்பட்ட பகுப்பாய்வும், மருந்து ஒழுங்காகச் சென்றால் குணமடைவதில் உணவின் வேறுபாடு தீர்மானிக்கும் காரணியாக இருக்கவில்லை என்றே கூறியது. வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றும் என்ற அச்சமும் தொடர் கண்காணிப்பில் பொய்த்தது; வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டறியப்படுமுன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது என்பதும், மருந்து தொடங்கியதும் சளியின் தொற்றும் தன்மை விரைவில் குன்றிவிடுகிறது என்பதும் இதற்குரிய விளக்கங்கள். உலகெங்கும் சானடோரியங்கள் அடுத்த பத்தாண்டுகளில் தம் நோக்கத்தை இழந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

ஒற்றை மருந்தின் விலை

கட்டடம் தேவையில்லை என்று நிறுவிய மையம், அடுத்து இரண்டாவது மருந்தாவது தேவைதானா என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. பாஸ் நாளொன்றுக்கு 10 கிராம் அளவில் உண்ண வேண்டிய, வயிற்றைக் கலக்கும், விலை கூடிய மருந்து. ஐசோனியாசிடோ மலிவான சிறு மாத்திரை. ஐசோனியாசிடை மட்டுமே மூன்று வெவ்வேறு முறைகளில் கொடுத்து, பாஸ் சேர்ந்த சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 1960இல் வெளியாயிற்று. தனி ஐசோனியாசிட் பெற்றவர்களில் பலர் தேறினாலும், தோல்வி தெளிவாகவே மிகுதியாக இருந்தது. தோற்றவர்களின் கிருமிகள் பெரும்பாலும் ஐசோனியாசிடை எதிர்த்தன. வறிய நாட்டுக்கு மலிவான சிகிச்சை என்ற கருத்தில் ஒளிந்திருந்த செலவு இதுவே: இன்று மிச்சமாகும் பணம், நாளை எதிர்ப்புக் கிருமியாகத் திரும்பி வந்தது.

அந்த ஆய்வு மேலும் இரு நுட்பங்களை வெளிக்கொணர்ந்தது. ஒரு நாளைக்குரிய ஐசோனியாசிடை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுப்பதைவிட, முழுவதையும் ஒரே வேளையில் கொடுப்பது மேலான பலன் தந்தது. இரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு உச்சத்துக்கு எழுகிறது என்பது முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்தது. இரண்டாவது, ஐசோனியாசிடை ஈரலில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்யும் வேகம் மனிதருக்கு மனிதர் பரம்பரையாக வேறுபடுகிறது. விரைவாகச் செயலிழக்கச் செய்யும் உடலமைப்புக் கொண்டவர்களிடம் தனி ஐசோனியாசிட் குறைவான பலனே தந்தது. எதிர்ப்புக் கிருமி மேலோங்குவதில் மருந்தின் அளவும், அதை உண்ணும் மனிதரின் பிறவி அமைப்பும் இணைந்து பங்காற்றுவதை மையத்தின் உயிர்வேதியியல் ஆய்வுகள் இவ்வாறு எடுத்துக்காட்டின.

விழுங்கப்படாத மாத்திரை

வீட்டுச் சிகிச்சையோடு ஒரு புதிய சிக்கலும் பிறந்தது. சானடோரியத்தில் செவிலியர் கையில் இருந்த மருந்து, இப்போது நோயாளியின் வீட்டுப் பரணில் இருந்தது. மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். பாஸ் உடலுக்குள் சென்றதா என்பதைச் சிறுநீரில் வேதிப்பொருள் சேர்த்து நிறமாற்றம் கொண்டு அறிந்தனர். நன்றாகப் பழகி, எழுத்தறிவு பெற்று, சிகிச்சையில் நம்பிக்கை கொண்டிருந்தவர்களும் மருந்தைத் தவறவிடுவது இச்சோதனைகளில் தெரியவந்தது. அதற்குக் காரணம் மனிதரின் அலட்சியம் ஒன்றே என்று கொள்வதற்கில்லை. முதல் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் நின்று, கூலி வேலைக்குத் திரும்பிவிட்ட ஒருவர், குமட்டலைத் தரும் மருந்தை மேலும் பல மாதங்கள் உண்ண வேண்டும் என்பது எளிதான கட்டளை அன்று.

அறிவுரையால் தீராத இச்சிக்கலுக்குச் சென்னை மையம் ஓர் அமைப்பு முறையை விடையாக முன்வைத்தது. ஆய்வகச் சோதனைகளில், சில மணி நேரம் மருந்துக்கு உட்பட்ட காசநோய்க் கிருமி, மருந்து நீங்கிய பிறகும் சில நாட்கள் பெருகாமல் முடங்கிக் கிடப்பது காணப்பட்டது. ஆகவே எல்லா நாளும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை என்ற கருத்து எழுந்தது. வாரத்துக்கு இரு நாட்கள் மட்டும் நோயாளி மையத்துக்கு வந்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர்ந்த அளவு ஐசோனியாசிடும் பணியாளர் முன்னிலையிலேயே பெற்றுக்கொள்ளும் முறை சோதிக்கப்பட்டது. தினந்தோறும் வீட்டில் தாமே ஐசோனியாசிடும் பாஸும் உண்பதோடு ஒப்பிடுகையில் அது சற்றும் குறைந்ததன்று என்று 1964இல் வெளியான முடிவு காட்டியது. பின்னாளில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று உலகெங்கும் வழங்கிய முறையின் தொடக்க வடிவங்களுள் ஒன்று இதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் ஹாங்காங்கிலும் இத்தகைய முறை வளர்ந்தது.

எதிர்ப்புக்குக் கிருமி கொடுக்கும் விலை

எதிர்ப்பு கிருமிக்கு இலவசமாகக் கிடைப்பதன்று. ஐசோனியாசிடை எதிர்க்கும் கிருமிகளிற் பல, காட்டலேஸ் என்ற நொதியை இழந்திருப்பதையும், அவை கினிப் பன்றிகளில் குறைந்த நோயையே உண்டாக்குவதையும் 1950களின் நடுப்பகுதியில் கார்ட்னர் மிடில்புரூக் கண்டார். காட்டலேஸ் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகளைச் சிதைத்து, உடலின் தற்காப்புச் செல்கள் வீசும் அவற்றிலிருந்து கிருமியைக் காப்பது. அதை இழந்த கிருமி மருந்துக்குத் தப்பினாலும் உடலுக்கு எளிதில் இரையாகிறது. சென்னை மையமும் மிச்சிசனும் சேர்ந்து செய்த ஆய்வுகளில், எதிர்ப்பே இல்லாத தென்னிந்தியக் கிருமிகளிற் பலவும்கூடப் பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் கினிப் பன்றிகளில் வீரியம் குறைந்திருப்பதும், அவை பெராக்சைடுக்கு எளிதில் இரையாவதும் 1960இல் கண்டறியப்பட்டன.

ஏன் இந்த இழப்பு என்ற புதிர் 1992இல் தீர்ந்தது. ஐசோனியாசிட் தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. அது உள்ளே நுழைந்ததும் கிருமியின் காட்டலேஸ் நொதியே அதைச் செயல்படு பொருளாக மாற்றுகிறது, அப்பொருள் கிருமியின் மெழுகு உறையை உருவாக்கும் வேலையை முடக்குகிறது. நொதியை ஆக்கும் காட்ஜி என்ற மரபணு சிதைந்தால் மருந்து விழிப்படைவதே இல்லை. அந்த மரபணுவை முற்றிலும் இழந்த கிருமி வலுவிழப்பது உண்மையே. ஆனால் நோயாளிகளிடம் மிகுதியாகப் பரவும் எதிர்ப்புக் கிருமிகளில், மரபணுவின் ஒரே எழுத்து மாறி, நொதியின் 315ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் வேறாகியிருக்கிறது. அந்த மாற்றத்தில் மருந்து விழிப்படைவது பெரிதும் நின்றுவிடுகிறது, நச்சைச் சிதைக்கும் வேலையோ பெருமளவு தொடர்கிறது. எதிர்ப்புக் கிருமி எப்போதும் நலிந்தது, தானே மறைந்துவிடும் என்ற ஆறுதலுக்கு இதனால் இடமில்லாமற் போயிற்று.

ரிஃபாம்பிசினும் அதன் பின்னும்

1960களின் நடுவில் உருவான ரிஃபாம்பிசின், காசநோய்ச் சிகிச்சையை 18 மாதங்களிலிருந்து ஆறு மாதங்களாகச் சுருக்க வழிவகுத்தது. அதை எதிர்க்கும் பிறழ்வு மிக அரிது, 10 கோடியில் ஒன்று என்ற அளவினது. அதனாலேயே அது சேர்க்கையின் முதுகெலும்பாயிற்று. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டையுமேனும் எதிர்க்கும் நிலை பன்மருந்து எதிர்ப்பு எனப்படுகிறது. இவ்விரண்டும் வீழ்ந்தால் சிகிச்சை நெடியதாகவும் கொடியதாகவும் மாறிவிடுகிறது. நோய் ஒழிந்துவிட்டது என்று நிதியும் பணியாளரும் குறைக்கப்பட்ட நியூயார்க் நகரில், 1991 ஏப்ரலில் கிருமி வளர்க்கப்பட்ட நோயாளிகளில் 19 விழுக்காட்டினரிடம் இந்த எதிர்ப்புக் காணப்பட்டது. அந்நகரம் அதைப் பின்வாங்கச் செய்த கருவிகளுள் முதன்மையானது, பணியாளர் முன்னிலையில் மாத்திரை விழுங்கச் செய்யும் முறையே. 1993இல் காசநோயை உலகளாவிய நெருக்கடியாக அறிவித்த உலக சுகாதார நிறுவனம், பின்னர் அம்முறையைத் தன் உத்தியின் மையத்தில் வைத்தது.

இந்தியாவிலோ, சென்னையில் பிறந்த அறிவும் நாட்டின் நடைமுறையும் நெடுங்காலம் தனித்தனி வழியில் சென்றன. மும்பையில் 100 தனியார் மருத்துவர்களிடம் நடத்தி 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நோய்க்கு அவர்கள் எழுதிய சிகிச்சை முறைகள் 80 வகைப்பட்டிருந்தன. அவற்றிற் பல அளவிலோ காலத்திலோ சேர்க்கையிலோ பிழையானவை. 1997இல் தொடங்கி 2006இல் நாடு முழுவதும் எட்டிய திருத்திய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், வாரத்துக்கு மூன்று நாள் கண்காணிப்பில் மருந்து தரும் முறையைக் கைக்கொண்டது. சென்னையின் பழைய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த அம்முறையின் குறையைக் காட்டியதும், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ள அதே மையம்தான் என்பது இவ்வரலாற்றின் சிறப்பான திருப்பம். எச்.ஐ.வி. தொற்றும் காசநோயும் சேர்ந்த நோயாளிகளிடம் அது நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், இடைவெளி விட்டுத் தரும் முறையைவிடத் தினசரி முறை மேலானதாகவும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உருவாவதைத் தடுப்பதாகவும் காணப்பட்டது. நாடு அதற்குள் 2017இலேயே தினசரி முறைக்கு மாறத் தொடங்கியிருந்தது.

2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்தெதிர்ப்பு ஆய்வு, புதிதாக நோயுற்றவர்களில் 2.84 விழுக்காட்டினரிடமும், முன்பு சிகிச்சை பெற்றவர்களில் 11.60 விழுக்காட்டினரிடமும் பன்மருந்து எதிர்ப்பைக் கண்டது. இரண்டாவது எண்ணின் உயரம், முறைதவறிய சிகிச்சை விட்டுச்சென்ற சுவடு. முதல் எண்ணோ, அந்தச் சுவடு மருந்தறியாதவர்களுக்கும் பரவிவிட்டதன் அடையாளம். தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில் 2005, 2006இல் 53 பேரைத் தாக்கி 52 பேரைக் கொன்ற கொடிய கிருமியின் மரபணுவைப் பின்னோக்கிப் படித்தவர்கள், அதன் ஐசோனியாசிட் எதிர்ப்பு 1950களின் இறுதியையொட்டியும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு 1980களிலும், மற்றவை அதன் பின்னரும் சேர்ந்தன என்று கணித்துள்ளனர். மருந்துகள் அந்நாட்டுக்கு வந்த வரிசையிலேயே எதிர்ப்புகளும் அடுக்கப்பட்டிருந்தன.

2012இன் இறுதியில் ஏற்பளிக்கப்பட்ட பெடாகுலின், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த புதுவகைக் காசநோய் மருந்து. அதை மையமாகக் கொண்ட ஆறு மாதச் சேர்க்கை, பன்மருந்து எதிர்ப்பு நோயாளிகளின் துன்பத்தை வெகுவாகக் குறைத்துள்ளது. ஆயினும் மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புகளைக் கட்டுப்படுத்தும் மரபணு பிறழ்வதால், அதற்கும் எதிர்ப்பு ஏற்கெனவே தோன்றிவிட்டது. தொழுநோய்க்குரிய குளோஃபசிமினையும் அதே பிறழ்வு பயனற்றதாக்குகிறது. 2024இன் தொடக்கத்தில் இந்தியாவில் காசநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுமாறு மத்திய அரசு கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நோயாளி மறந்ததால் விடுபட்ட நாளுக்கும், கிடங்கில் மருந்து இல்லாமையால் விடுபட்ட நாளுக்கும் கிருமி வேறுபாடு காண்பதில்லை. கண்காணிப்பு என்ற சொல் 60 ஆண்டுகளாக நோயாளியை நோக்கியே திருப்பப்பட்டிருக்கிறது. மருந்தை எழுதும் மருத்துவரையும், வாங்கும் அரசையும், அனுப்பும் கிடங்கையும் அதே கண்டிப்புடன் கண்காணித்தால் மட்டுமே பெடாகுலினின் வரலாறு ஸ்ட்ரெப்டோமைசினின் வரலாற்றிலிருந்து வேறுபடும்.